பேசாத் திரையின் பெருவீரர்

நுழையும்முன்

கல்லில் வெட்டப்பட்டது நிலைக்கும், காற்றில் கலந்தது மறையும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், கல்லில் வெட்டப்பட்டதும் அழிக்கப்பட்டதுண்டு. நிழலாய் ஆடிய உருவங்கள் பல்லாண்டு கடந்து மீண்டதுமுண்டு. புதுக்கோட்டை மண்ணில் பிறந்து, ஒலியில்லாத திரைப்படக் காலத்தில் இந்தியா முழுவதும் அறியப்பட்ட கலைஞர் ஒருவரின் வாழ்வையும், அவர் வாழ்ந்த திரைக்காலத்தின் அரிய படைப்புகளைத் தேடித் தொகுப்போரின் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊமையன் கோட்டையும் ஊமைப்படமும்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் திருமயம் அமைந்துள்ளது. குன்றின்மீது எழுந்து நிற்கும் அவ்வூர்க் கோட்டையை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டினார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையோடு இணைத்து, மக்கள் அதனை ஊமையன் கோட்டை என்றே வழங்குகின்றனர். குன்றின் சரிவில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே இரண்டு குடைவரைக் கோயில்கள் உள்ளன.

அச்சிவன் குடைவரையின் சுவரில் முற்காலத்தில் இசை குறித்த கல்வெட்டு ஒன்று இருந்தது. குடுமியான்மலையில் இன்றும் காணக் கிடைக்கும் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டை ஒத்தது அது. 13ஆம் நூற்றாண்டில் இரு கோயில்களுக்கும் இடையே எழுந்த வருவாய்ப் பங்கீட்டு வழக்கு தீர்க்கப்பட்டபோது, அத்தீர்ப்பைப் பொறிக்க இடம் தேவைப்பட்டது. இசைக் கல்வெட்டின் பெரும்பகுதி செதுக்கி எடுக்கப்பட்டது. அதன்மேல் தீர்ப்பு எழுதப்பட்டது. பண்களைச் சொன்ன எழுத்துகளுள் சில சுவடுகள் மட்டுமே எஞ்சின. பகைவர் எவரும் அதனை அழிக்கவில்லை. இடத்தின் தேவையே அழித்தது.

இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொண்டு, அம்மண்ணைச் சூழ்ந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்த கலைஞர் ஒருவரின் வரலாற்றைக் காண்போம். அவர் ராஜா சாண்டோ. ஊமைப்படம் என்று மக்கள் அழைத்த பேசாப் படங்களின் காலத்தில் நாயகராகவும் இயக்குநராகவும் ஒளிர்ந்தவர்.

நாகலிங்கம் சாண்டோ ஆனார்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் புதுக்கோட்டையில் பிறந்த அவருடைய இயற்பெயர் பி. கே. நாகலிங்கம். அன்றைய புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. நாடகமும் இசையும் அப்பகுதி மக்களின் வாழ்வோடு கலந்திருந்தன. திருவிழாக் காலங்களில் ஊர்தோறும் கூத்தும் நாடகமும் நிகழ்ந்தன. அதே காலத்தில், அண்டையிலிருந்த திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படமோட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். 1905ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகச் சென்று சலனப் படங்களைக் காட்டினார். வெண்திரையில் மனிதர் நடமாடும் புதுமையைத் தமிழ் மக்கள் வியந்து கண்ட காலம் அது.

இளைஞர் நாகலிங்கத்தின் நாட்டம் முதலில் உடற்பயிற்சியின்பால் சென்றது. அந்நாளில் உலகெங்கும் வலிமைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட பெயர் யூஜின் சாண்டோ. பிரஷ்யாவில் பிறந்த அப்பயில்வான் 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து தம் உடல்வலிமையைக் காட்சிப்படுத்தினார். அதன்பின், திரண்ட தோளும் விரிந்த மார்பும் கொண்டவரைச் சாண்டோ என்று அழைப்பது தமிழகத்திலும் வழக்கமாயிற்று. பயிற்சியால் உடலை உரமாக்கிக் கொண்ட நாகலிங்கம், ராஜா சாண்டோ என்னும் பெயரைப் பெற்றார். இயற்பெயர் மறைந்தது, உழைப்பால் வந்த பெயர் நிலைத்தது.

பம்பாயில் ஒரு தமிழர்

1913ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள், தாதாசாகேப் பால்கேயின் ராஜா அரிச்சந்திரா பம்பாயில் திரையிடப்பட்டது. அதனைத் தொடர்ந்த பத்தாண்டுகளில் பம்பாய் நகரம் இந்தியத் திரைத்தொழிலின் நடுவிடமாக வளர்ந்தது. வாய்ப்பைத் தேடி அந்நகருக்குச் சென்ற ராஜா சாண்டோ, எஸ். என். பாட்டங்கரின் நேஷனல் பிலிம் நிறுவனத்தில் சண்டைக் காட்சிகளில் நடிப்பவராகச் சேர்ந்தார். 1922ஆம் ஆண்டு வெளிவந்த பக்த போதனா படத்தில் முதன்மை வேடம் கிடைத்தது. அப்படத்திற்காக அவர் பெற்ற ஊதியம் 101 ரூபாய் எனத் திரை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

குஜராத்தியும் மராத்தியும் இந்தியும் பேசப்பட்ட நகரில் தமிழர் ஒருவர் எவ்வாறு நாயகராக முடிந்தது? பேசாப் படமே அதற்கு விடை. அக்காலப் படங்களில் நடிகரின் குரலுக்கு இடமில்லை. கதையின் போக்கையும் உரையாடலையும் விளக்கும் எழுத்து அட்டைகள் காட்சிகளுக்கு இடையே தோன்றும். ஒரே படத்தின் அட்டைகள் பல மொழிகளில் எழுதப்பட்டன. எழுதப் படிக்க அறியாத மக்களுக்காகத் திரையின் அருகே ஒருவர் நின்று கதையை விளக்குவார். ஆர்மோனியமும் தபேலாவும் உடன் ஒலிக்கும். நடிகருக்கு மொழியாக அமைந்தவை கண், கை, நடை, உடல் ஆகியவையே. அம்மொழியில் ராஜா சாண்டோ தேர்ந்தவராக இருந்தார். இன்றுள்ள மாற்று நடிகர் முறையும் கணினி உத்திகளும் இல்லாத காலத்தில், குதிரையேற்றம், வாட்போர், உயரத்திலிருந்து குதித்தல் ஆகியவற்றை நடிகர்களே செய்யவேண்டியிருந்தது. உடற்பயிற்சி அவருக்குத் திரையுலகின் கதவைத் திறந்தது.

எனினும், வீரச் செயல்களோடு அவர் நின்றுவிடவில்லை. கோகினூர் நிறுவனத்தின் படங்களிலும், இயக்குநர் சந்துலால் ஷாவின் படங்களிலும் அவர் நடித்தார். 1926இல் வெளிவந்த டெலிபோன் கேர்ள், டைப்பிஸ்ட் கேர்ள் போன்ற படங்கள், அலுவலகங்களில் பணிபுரியத் தொடங்கிய புதிய பெண்களின் வாழ்வைக் காட்டின. சுலோசனா என்னும் திரைப்பெயர் கொண்ட ரூபி மையர்சும் கோஹரும் அக்காலத்தின் முன்னணி நடிகையர். அவர்களோடு இணையாக நடித்த ராஜா சாண்டோ, சமூகக் கதைகளின் நாயகராகவும் மக்களைக் கவர்ந்தார். நாளடைவில் பம்பாயிலேயே படங்களை இயக்கும் தகுதியும் பெற்றார்.

வரலாற்று நாடகங்கள்

பேசாப் படக் காலத்தில் புராணக் கதைகளுக்கு அடுத்து மக்கள் பெரிதும் விரும்பியவை வரலாற்று நாடகங்கள். மௌரியர், இராசபுத்திரர், மொகலாயர், மராட்டியர் ஆகியோரின் கதைகள் திரையில் உயிர்பெற்றன. அசோகரின் மகன் குணாளனைப் பற்றிய வீர் குணாள் (1925), தாஜ்மகாலோடு பெயர் இணைந்த அரசியைப் பற்றிய மும்தாஜ் மஹால் (1926) ஆகிய படங்களில் ராஜா சாண்டோ நடித்தார்.

வரலாற்றுப் படங்களின்மீது மக்கள் கொண்ட விருப்பத்திற்கு ஆடை அணிகளின் கவர்ச்சி மட்டும் காரணமன்று. அயலார் ஆட்சியில் இருந்த நாட்டில், நிகழ்காலத்தின் விடுதலை வேட்கையை வெளிப்படையாகத் திரையில் காட்ட இயலவில்லை; தணிக்கை அதிகாரிகள் தடுத்தனர். பழங்கால மன்னரின் வீரத்தைக் காட்டுவதற்குத் தடை குறைவு. எனவே, கடந்த காலம் நிகழ்காலத்தின் முகமூடியாயிற்று. அதையும் அதிகாரிகள் சில வேளைகளில் கண்டுகொண்டனர். வி. சாந்தாராம் 1930இல் சிவாஜியின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு எடுத்த படத்தின் தலைப்பில் சுயராஜ்யம் என்னும் சொல் இருந்தது. தணிக்கையின் தலையீட்டால் அத்தலைப்பு நீங்கி, உதயகால் என்னும் பெயரில் படம் வெளிவந்தது.

ஆகவே, ஒரு பேசா வரலாற்றுப் படம் இரண்டு காலங்களின் ஆவணமாகிறது. கதை நிகழும் காலத்தை அது கற்பனையாகக் காட்டுகிறது. படம் எடுக்கப்பட்ட காலத்தை உள்ளவாறே காட்டுகிறது. மொகலாய அரசவையைப் போல அமைத்த அரங்கின் பின்னணியில், 1920களின் ஓவியக் கலை தெரிகிறது. போர்வீரர்களாக நிற்கும் கூட்டத்தில், அன்றைய எளிய மக்களின் முகங்கள் தெரிகின்றன. கோட்டை, அரண்மனை, ஆறு, கடைத்தெரு ஆகியவை அன்றிருந்த நிலையில் பதிவாகியுள்ளன. திரைப்படத் தொகுப்பாளர்கள் பேசா வரலாற்றுப் படங்களைப் பொன்னினும் மேலாகக் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

சென்னையில் புதிய முயற்சி

1920களின் இறுதியில் ராஜா சாண்டோவின் பார்வை தமிழகத்தின்பால் திரும்பியது. தென்னிந்தியாவின் முதல் பேசாப் படமான கீசகவதத்தை எடுத்து ஆர். நடராஜ முதலியார் இங்கே அடித்தளம் அமைத்திருந்தார். அவருக்குப் பின் ஆர். பத்மநாபன், அ. நாராயணன் போன்றோர் சென்னையில் படத்தயாரிப்பை முன்னெடுத்தனர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம் நிறுவனத்திற்காக ராஜா சாண்டோ படங்களை இயக்கினார். அவற்றில் நடித்தும் வந்தார்.

பேயும் பெண்ணும், நந்தனார், அநாதைப் பெண், ராஜேசுவரி, உஷா சுந்தரி ஆகியவை 1930, 1931 ஆகிய ஆண்டுகளையொட்டி அவர் உருவாக்கிய பேசாப் படங்களுள் சில. புராணக் கதைகளே பெரும்பாலும் படமான சூழலில், சமூகத்தின் குறைகளை அவர் கதைப்பொருளாக்கினார். நந்தனார் கதை, தீண்டாமைக் கொடுமையை மக்கள் கண்முன் நிறுத்தியது. காந்தியடிகளின் தீண்டாமை எதிர்ப்பு நாடெங்கும் பரவிய காலத்தில் அதற்குத் தனிப்பொருள் இருந்தது. பம்பாயில் கற்ற தொழில் ஒழுங்கைச் சென்னைக்குக் கொண்டு வந்ததும் அவருடைய பணிகளுள் சிறந்தது. படப்பிடிப்பில் காலந்தவறாமையையும் கட்டுப்பாட்டையும் வலியுறுத்தியவர் எனத் திரையுலகில் அவர் பெயர் பெற்றார்.

அவருடைய படப்பிடிப்புத் தளம் பலருக்குப் பள்ளியாக அமைந்தது. பின்னாளில் தியாகபூமி முதலிய புகழ்பெற்ற படங்களை இயக்கிய கே. சுப்ரமணியம், திரைக்கலையின் தொடக்கப் பாடங்களைக் கற்றது ராஜா சாண்டோவின் பேசாப் படங்களில் பணியாற்றியபோதுதான். தமிழின் முதல் பேசும்படமான காளிதாசில் நாயகியாக நடித்த டி. பி. ராஜலட்சுமியும், அதற்கு முன்னரே அவருடைய பேசாப் படங்களில் நடித்தவர்.

திரை பேசத் தொடங்கியது

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் காளிதாஸ் வெளிவந்தது. திரை பேசவும் பாடவும் தொடங்கியது. மொழியின் துணையின்றி நாடெங்கும் உலவிய நடிகர்களுக்கு அம்மாற்றம் பெருஞ்சோதனையாயிற்று. குரல்வளமும் மொழிப் பயிற்சியும் இல்லாதோர் ஒதுங்கினர். பாடத் தெரிந்த நாடக நடிகர்கள் முன்னுக்கு வந்தனர். ராஜா சாண்டோ அச்சோதனையைக் கடந்தார். நடிப்பைக் காட்டிலும் இயக்கத்தில் அவர் கருத்தூன்றினார்.

வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் புதினத்தைத் தழுவிய மேனகா (1935) அவருடைய இயக்கத்தில் வெளிவந்தது. மேடையில் புகழ்பெற்றிருந்த டி. கே. எஸ். சகோதரர்களும், பின்னாளில் கலைவாணர் எனப் போற்றப்பட்ட என். எஸ். கிருஷ்ணனும் அப்படத்தில் நடித்தனர். ஜே. ஆர். ரங்கராஜுவின் புதினத்தை அடியொற்றிய சந்திரகாந்தா (1936) படத்தில், புதுக்கோட்டையைச் சேர்ந்த மற்றொரு கலைஞரான பி. யு. சின்னப்பா அறிமுகமானார். ஒரே மண்ணில் பிறந்த இருவருள் ஒருவர் பேசாப் படத்தின் நாயகர். மற்றொருவர் பாடும் படத்தின் நாயகராக உயர்ந்தவர். இரு காலங்களும் அப்படத்தில் சந்தித்தன எனலாம். வசந்தசேனா, மைனர் ராஜாமணி, விஷ்ணு லீலா, எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த திருநீலகண்டர் (1939), சூடாமணி, மனுநீதிச் சோழன் கதையைச் சொன்ன ஆராய்ச்சிமணி ஆகியவை அவர் இயக்கிய பிற படங்கள்.

திரைப்படத்தை இழிவாகக் கருதியோர் பலராக இருந்த அக்காலத்தில், அதனை மதித்து ஆதரித்த தலைவர் ஒருவரைத் திருமயம் தந்தது. 1887இல் அங்குப் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, விடுதலைப் போராட்ட வீரர். நாடக மேடையில் நடித்தவர். கலைஞர்களை நாட்டுப்பணிக்கு அழைத்தவர். 1939இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார்.

1940களின் முற்பகுதியில், ஐம்பதை ஒட்டிய வயதில், ராஜா சாண்டோ கோயம்புத்தூரில் மறைந்தார். இருபதாண்டுத் திரைவாழ்வில் பேசாப் படம், பேசும் படம் ஆகிய இரண்டிலும் முத்திரை பதித்த வாழ்வு அவருடையது. தமிழ்நாடு அரசு அவர் பெயரால் விருது நிறுவி, திரைக்கலைஞர்களுக்கு வழங்கியுள்ளது.

கரைந்துபோன வெள்ளி

ராஜா சாண்டோவின் பெயர் நிலைத்தது. அவருடைய பேசாப் படங்கள் நிலைக்கவில்லை. பேசாப் படக் காலத்தில் இந்தியாவில் 1300க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் இன்று முழுமையாகவோ பகுதியாகவோ எஞ்சியவை மிகச் சில. தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பேசாப் படங்கள் உருவாயின; அவற்றுள் நமக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சென்னையில் ராஜா சாண்டோ இயக்கிய பேசாப் படங்கள் அனைத்தும் அழிந்த பட்டியலில் சேர்ந்தன.

இவ்வழிவுக்குக் காரணங்கள் பல. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றிய தீ நீருக்கும் அடங்காது. தீ தீண்டாவிட்டாலும், வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில் அது இளகிப் பிசுபிசுத்து, இறுதியில் பொடியாகும். 2003ஆம் ஆண்டு சனவரியில் புனேயில் ஏற்பட்ட தீவிபத்தில், பாதுகாத்து வைத்திருந்த நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் எரிந்துபோயின.

இயற்கையைக் காட்டிலும் வணிகம் விளைத்த கேடு பெரிது. படச்சுருளில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி. பேசும்படம் வந்ததும் பேசாப் படங்களுக்குச் சந்தை மதிப்பு இல்லாமற் போயிற்று. பயனற்றவையெனக் கருதிய சுருள்களைக் கழுவி, அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்தனர். எஞ்சிய பொருளை வளையல் முதலிய பண்டங்கள் செய்யப் பயன்படுத்தினர். சில தோலா வெள்ளிக்காக ஒரு காலத்தின் முகங்கள் கரைக்கப்பட்டன. இந்தியாவின் முதல் பேசும்படமான ஆலம் ஆராவும், தமிழின் முதல் பேசும்படமான காளிதாசும் இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. திருமயம் குடைவரையில் இசைக் கல்வெட்டுக்கு நேர்ந்ததே திரைப்படத்திற்கும் நேர்ந்தது. அங்கே இடம் தேவைப்பட்டது. இங்கே வெள்ளி தேவைப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடி நீளத்திற்கு 16 சட்டகங்கள் இருக்கும். 1,000 அடி கொண்ட ஒரு சுருளில் 16,000 சட்டகங்கள் அடங்கும். பேசாப் படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்கள் என்னும் வேகத்தில் படம் ஓட்டப்பட்டது. அவ்வேகத்தில் ஒரு சுருள் 1,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஓடும். எட்டுச் சுருள் கொண்ட படம் இரண்டேகால் மணிநேரம் அளவில் ஓடும். பேசும்படத்தின் வேகம் நொடிக்கு 24 சட்டகங்கள். பேசாப் படத்தை அவ்வேகத்தில் ஓட்டினால், மாந்தர் விரைந்து ஓடுவதுபோலத் தோன்றும். அது நடிகரின் குறையன்று, வேகத்தின் பிழை.

தப்பிப் பிழைத்த வரலாறு

தென்னிந்தியப் பேசாப் படங்களுள் எஞ்சிய அந்த ஒன்றும் ஒரு வரலாற்று நாடகமே என்பது வியப்புக்குரியது. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாளப் புதினத்தைத் தழுவி, நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தரராஜ் தயாரிப்பில், பி. வி. ராவ் இயக்கத்தில் 1930களின் முற்பகுதியில் உருவான மார்த்தாண்ட வர்மா என்னும் படம் அது. திருவிதாங்கூர் மன்னரின் அரியணைப் போராட்டத்தைக் கூறுவது. படம் வெளியானவுடனே, புதினத்தின் உரிமையைக் கொண்டிருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்ற ஆணையால் திரையிடல் நின்றது. படச்சுருள் பதிப்பகத்தின் கைக்குச் சென்றது. தயாரிப்பாளர் பேரிழப்புக்கு உள்ளானார். ஆயினும், கழுவப்படாமலும் விற்கப்படாமலும் அச்சுருள் பதிப்பகத்திலேயே பல்லாண்டு உறங்கிற்று. 1974இல் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதனைப் பெற்றது. படத்தின் வாழ்வை முடித்த வழக்கே படத்தின் உயிரைக் காத்தது.

மற்றொரு வகையில் தப்பியவை ஹிமான்சு ராய் ஜெர்மானிய இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டனோடு இணைந்து உருவாக்கிய படங்கள். தாஜ்மகாலை வடித்த கலைஞனைப் பற்றிய கற்பனைக் கதையான ஷிராஸ் (1928), அரசர்களின் சூதாட்டத்தைச் சொல்லும் பிரபஞ்ச பாஷ் (1929) ஆகியவை ஐரோப்பிய நிறுவனங்களின் துணையோடு எடுக்கப்பட்டமையால், அவற்றின் படிகள் அங்குள்ள காப்பகங்களில் நிலைத்தன. பிற்காலத்தில் அவை செப்பம் செய்யப்பட்டுப் புதிய இசையோடு உலக நகரங்களில் திரையிடப்பட்டன. இங்கே ஓர் ஒப்பீட்டை எண்ணிப் பார்க்கலாம். தாஜ்மகாலோடு தொடர்புடைய கதையை ராஜா சாண்டோ நடித்த மும்தாஜ் மஹாலும் சொன்னது, ஷிராசும் சொன்னது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகள். முன்னது நம் கண்ணுக்கு எட்டவில்லை. பின்னது இன்றும் ஓடுகிறது. கலையின் தரம் மட்டுமே ஒரு படைப்பை வாழவைப்பதில்லை. அதனைப் பாதுகாக்கும் கைகளும் வேண்டும்.

தேடித் தொகுப்போர்

அக்கைகளே திரைப்படத் தொகுப்பாளர்கள். பழைய திரையரங்குகளின் பரண்களிலும், ஏலக் கடைகளிலும், விநியோகம் செய்தோரின் கிடங்குகளிலும் துருப்பிடித்த தகரப் பெட்டிகளை அவர்கள் தேடுகின்றனர். பெட்டியின்மேல் பெயர் இருக்கலாம், இல்லாதிருக்கலாம். உள்ளிருப்பது முழுச்சுருளாகவும் இருக்கலாம். சில அடித் துண்டாகவும் இருக்கலாம். அதனை அடையாளம் காண்பது துப்பறியும் பணியை ஒத்தது. சுருளின் ஓரத்தில் படச்சுருளைச் செய்த நிறுவனம் பொறித்த சிறு குறியீடுகளைக் கொண்டு அதன் காலத்தைக் கணிக்கலாம். எழுத்து அட்டைகளின் மொழியும் வடிவும் படம் உருவான இடத்தைச் சுட்டும். நடிகரின் முகமும் ஆடையும் பிற சான்றுகளோடு ஒப்பிடப்படும்.

அப்பிற சான்றுகளைத் தருபவை காகிதங்கள். துண்டுப் பிரசுரங்கள், சுவரொட்டிகள், கதைச்சுருக்க நூல்கள், பாட்டுப் புத்தகங்கள், நாளேட்டு விளம்பரங்கள் ஆகியவற்றை அக்காலத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியோர் சிலர் இருந்தமையால் இன்று வரலாறு எழுத முடிகிறது. திருமயத்திற்குத் தெற்கே காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் விடாது சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பு சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகமாக மலர்ந்தது. பிலிம் நியூஸ் ஆனந்தன் பல்லாண்டுகள் தொகுத்த தமிழ்த் திரைப்படச் செய்திகளும் படங்களும் திரை வரலாற்றுக்கு அடித்தளமாயின.

தொகுப்பார்வம் பெருமைக்கும் விலைக்கும் உரிய பொருளாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. பிறர் காணாத படம் தம்மிடம் உள்ளது என்னும் மகிழ்ச்சியில், பெட்டியைப் பூட்டி வைப்போர் இருக்கின்றனர். பூட்டிய பெட்டிக்குள்ளும் நைட்ரேட் சுருள் சிதைந்துகொண்டே இருக்கும். அரிய சுருளைக் காப்பகத்திடம் ஒப்படைத்துப் படியெடுக்கச் செய்தலே உண்மையான தொகுப்பாளரின் கடமை. அரிதாய் இருப்பது பொருளின் சிறப்பாகலாம்; அரிதாகவே வைத்திருப்பது மனிதரின் சிறப்பாகாது. 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் முதலியவை இத்தகைய ஒப்படைப்புகளால் வளர்ந்தவை. ஒலி-ஒளி மரபுச் செல்வங்களுக்கான உலக நாளாக யுனெஸ்கோ அமைப்பு அக்டோபர் 27ஆம் நாளை அறிவித்திருப்பதும் இக்கடமையை உலகுக்கு நினைவூட்டவே.

நம் கடமை

ராஜா சாண்டோவின் வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட இளைஞர், மொழி அறியாத நகரில் உடலின் மொழியைக் கொண்டே வெற்றி கண்டார். காலம் மாறியபோது தாமும் மாறிப் புதிய கலையைக் கற்றார். இது முதற்பாடம். அத்தகையவரின் உழைப்பையும் ஒரு தலைமுறையின் கவனக்குறைவு துடைத்துவிட முடியும். இது இரண்டாம் பாடம்.

திரைப்படம் மட்டுமன்றி, நம் வீட்டுப் பரணில் உள்ள பழைய ஒளிப்படமும், கடிதமும், திருமண அழைப்பும், நாடக அறிவிப்பும் நாளைய வரலாற்றின் சான்றுகளே. எதனை வைத்துக்கொள்வது, எதனைக் கழித்துவிடுவது என்று முடிவு செய்யும் ஒவ்வொரு வேளையும், நாமும் உளியைக் கையில் ஏந்தி அக்குடைவரைச் சுவரின்முன் நிற்கிறோம். திருமயத்திற்குச் செல்லும் மாணவர்கள் கோட்டையின்மீது ஏறிக் காட்சியைக் காண்பதோடு நில்லாமல், குடைவரைக்குள் சென்று அச்சுவரையும் காண வேண்டும். அழிந்த எழுத்துகளின் இடையே எஞ்சி நிற்கும் சில சுவடுகள், அங்கே ஓர் இசை இருந்ததை இன்றும் சொல்கின்றன. எங்கோ ஒரு பரணில், பெயர் எழுதப்படாத தகரப் பெட்டி ஒன்றில், வாளேந்திய வீரராக ராஜா சாண்டோ நிற்கும் சில அடிச் சுருள் எஞ்சியிருக்கக்கூடும். அதனைக் கண்டெடுக்கும் கை, இப்பாடத்தைப் படிக்கும் ஒருவரின் கையாகவும் இருக்கலாம்.